சவப்பெட்டியின் மேல் பறந்த ஆலா

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, மார்க்கெட்டுக்குப் போகும் சந்தின் முனையில் ஏசுதாசன் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில், அவர் "அசையாதீங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மட்டுமல்ல, வெளியே சைக்கிளில் போகிறவனும் காலை ஊன்றி நின்றுவிடுவான். பீச்சுக்குப் போகும் மின்சார ரயில்கூட ஒருநாள் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு பிளாட்பாரத்தில் சற்றுக் கூடுதலாக நின்றது என்பார்கள். அதை நம்பாவிட்டால் போகட்டும். அவர் எடுத்த படங்களில் புது மாப்பிள்ளைகள் விமானப்படைச் சிப்பாய்களைப் போலவும், விமானப்படைச் சிப்பாய்கள் தூண்களைப் போலவும் விறைத்து நின்றதை இன்றைக்கும் பல வீட்டுச் சுவர்களில் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட மனிதருக்கு நாற்பது வயதுக்குமேல், பறக்கிற பறவையைக் கைக்கெட்டும் தூரத்தில் படம் பிடிக்கும் பைத்தியம் பிடித்தது.

கோவளத்தில் மாதா கோயில் திருவிழாவுக்குப் படமெடுக்கப் போன இடத்தில் பிடித்த பைத்தியம் அது. மீன் படகுகள் கரைக்குத் திரும்பும்போது ஆலாக்கள் கூட்டமாகத் துரத்தி வரும். உடம்பெல்லாம் வெள்ளை, தலையில் மட்டும் கறுப்புத் தொப்பி, கத்தரிக்கோல் மாதிரி பிளந்த வால். படகில் ஒருவன் பொடி மீனைத் தூக்கிப் பிடித்தால் காற்றை எதிர்த்து அப்படியே தலைக்குமேல் தொங்கும். அடுத்த கணம் மீனும் இருக்காது, பறவையும் இருக்காது. அந்த ஒரு கணத்தை வாங்கிவிட வேண்டும் என்று ஏசுதாசனுக்கு ஆசை.

செவ்வாய்க்கிழமைகளில் போவார். செவ்வாயன்று தாம்பரத்தில் யாரும் நல்ல காரியத்துக்குப் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்துக்களுக்கு ஆகாது. கிறிஸ்தவர்கள் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் புதன்கிழமை வருவார்கள். ஆகவே விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்து, வண்டலூர் போய், கேளம்பாக்கம் ரோட்டைப் பிடித்துக் கோவளம் சேர்ந்து, மீனவன் பொன்னுசாமியின் படகில் ஏறிவிடுவார்.

அவருடைய கேமரா பழைய இரட்டைக் கண் பெட்டி. மேலே குனிந்துதான் பார்க்க வேண்டும். வலது பக்கம் இடமாகவும் இடது பக்கம் வலமாகவும் தெரியும். உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்கு அது போதும். ஆலாவுக்குப் போதுமா?

"இன்னா சார் நீ! பட்சி இந்தாண்ட போவுது, நீ பொட்டியத் தூக்கிக்கினு அந்தாண்ட திரும்புறியே!" என்பான் பொன்னுசாமி. "உன்னோட பெரிய பேஜாரா கீது. நான் மீனப் புடிக்கிறதா, உன்னியப் புடிக்கிறதா?"

நாலைந்து வருஷம் போயும் கிடைத்ததெல்லாம் வெள்ளைத் தீற்றல்கள், வெறும் வானம், ஒரு தடவை பொன்னுசாமியின் முழங்கை. ஏசுதாசனின் மனைவி ரத்தினபாய் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தப்புக்குச் சிவப்பு மை போட்டுப் பழகிய நாக்கு.

"உயிரோட இருக்கறவங்க உங்க படத்துல செத்தவங்க மாதிரி விழுறாங்க. செத்தவங்கதான் கொஞ்சம் உசிரோட தெரியறாங்க. இதுல பறவை வேறயா?" என்பாள்.

செத்தவர்களைப் படமெடுப்பதும் ஏசுதாசனுடைய தொழில்தான். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில், சவப்பெட்டியை மூடுவதற்குமுன் குடும்பம் முழுவதும் பெட்டியைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். பலபேருக்கு அதுதான் ஆயுசில் முதல் படம். பெட்டிக்கு ஒருவனை அனுப்பும்போதே ஸ்டுடியோவுக்கும் ஒருவனை அனுப்பிவிடுவார்கள்.

அறுபத்தேழாம் வருஷம், ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கரைப்பக்கம் வானம் அடுப்புச் சட்டியின் அடி மாதிரி கறுத்துக் கிடந்தது. கடல் பக்கம் மட்டும் மேகம் கிழிந்து ஒரு கீற்று வெயில். பொன்னுசாமி சாளை மீன் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கினான். ஓர் ஆலா கூட்டத்தைவிட்டுத் தனியாக வந்து, ஏசுதாசனுக்கு ஒரு முழம் எதிரே, சிறகை அசைக்காமல் காற்றில் நின்றது. கறுத்த வானத்துக்கு முன்னால் வெயிலெல்லாம் அதன்மேல்தான் இருந்தது. பெட்டிக்குள் குனிந்தவர் எந்தப் பக்கமும் திருப்பத் தேவையில்லாமல் நட்டநடுவில் அதைப் பார்த்தார், அழுத்தினார்.

அதே கணம் ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டது. ஏசுதாசன் கேமராவை மார்போடு அணைத்தபடி மீன் கூடைக்குள் போய் விழுந்தார்.

"பொட்டி பொயச்சிதா சார்?"

"பொழைச்சுது பொன்னுசாமி! மாட்டிக்கிச்சு! பறவை மாட்டிக்கிச்சு!"

படம் எடுத்ததும் பக்கத்திலுள்ள சாவியைத் திருகிப் பிலிமை நகர்த்த வேண்டும். நகர்த்தாமல் மறுபடி அழுத்தினால் படத்தின்மேலேயே படம் விழும். ஏசுதாசனுக்குச் சாவி திருகுவது கண் இமைப்பது மாதிரி, யோசிக்காமலே நடக்கும். அன்றைக்கு மட்டும் இரண்டு கையும் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்தால் ஸ்டுடியோ வாசலில் ஜெபசீலன் உட்கார்ந்திருந்தான். ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்த தேவானந்தத்தின் மைத்துனன்.

"அண்ணா, மச்சான் போயிட்டாரு. மாரடைப்பு. மழைக்கு முன்னாடி எடுத்துடணும்ங்கறாங்க. அக்கா உங்களைக் கூட்டியாரச் சொல்லிச்சு."

பிலிம் கிடைக்காத காலம். சுருளில் மிச்சம் இருந்ததால் மாற்றவில்லை. அப்படியே பிளாஷை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தேவானந்தம் குடிப்பார். மதுவிலக்குக் காலத்தில் குடிக்கிறவர் என்றால் ஊருக்கே தெரிந்த குடிகாரர் என்று அர்த்தம். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் குடித்துவிட்டு வந்து சபை மூப்பர்களைப் பெயர் சொல்லித் திட்டினார். அன்றோடு, கோயிலில் அப்பமும் ரசமும் கொடுக்கும் ராப்போஜனத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். அவரும் கோயில் படி மிதிக்கவில்லை. அதனால் உடலைக் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே போதகர் சின்ன ஜெபம் ஒன்று செய்தார். தலைமாட்டில் நின்ற தேவானந்தத்தின் மனைவி தபீதாள் அழவில்லை. ஜெபம் முடிந்ததும் போதகரைக் கேட்டாள்.

"ஐயா, இவரு எங்க போவாரு?"

போதகர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "அது தேவனுக்குத்தான் தெரியும்மா."

தபீதாள் தலையை ஆட்டினாள். கெட்டவர் என்று ஊர் சொன்ன மனிதனோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு அந்தப் பதில் எப்படிக் கேட்டிருக்கும் என்று கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஏசுதாசனுக்குத் தெரிந்தது. வழக்கமான "அசையாதீங்க"வைக்கூட அவர் சொல்லவில்லை. ஒரே படம். உடனே மூடிவிட்டார்கள்.

மறுநாள் இருட்டறையில் சிவப்பு வெளிச்சத்தில், தட்டிலிருந்த மருந்துத் தண்ணீருக்குள் படம் மெல்ல எழும்பி வந்தது. முதலில் பெட்டி, பிறகு சுற்றி நிற்கிறவர்களின் முகங்கள், பிறகு தேவானந்தத்தின் மார்புக்குமேல், இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு ஆலா. கறுப்புத் தொப்பி அறையின் இருட்டில் கரைந்துபோயிருந்தது. பிளந்த வால் பெட்டியின் வெள்ளை லேஸுக்குள் மறைந்துவிட்டது. விலா வரிசை மாதிரி ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. இடது சிறகு தேவானந்தத்தின் முகத்தில் பாதியை மூடியிருந்தது.

ஏசுதாசன் முதலில் சந்தோஷப்பட்டார். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. இத்தனை வருஷத்தில் வந்த ஒரே பறவை. அதற்குப் பிறகுதான் தபீதாளின் ஞாபகம் வந்தது.

என்ன சொல்வது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டார். 'தபீதா, ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. உன் படத்துமேல என் படம் விழுந்துடுச்சு.' ஆனால் அவள் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்து, காயப்போட்டிருந்த படத்தைக் கொடியிலிருந்து தானே உருவிக்கொண்டாள்.

"தபீதா, அதுல ஒரு..."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா, இறங்கியிருக்காரே!"

"யாரு?"

"பரிசுத்த ஆவியானவரு. ஆண்டவர் ஞானஸ்நானம் வாங்கினப்ப யோர்தான் ஆத்துல இறங்கின மாதிரி, புறாவா! ஐயா தெரியாதுன்னு சொன்னாரே, பாருங்க. நெஞ்சு மேலயே இறங்கியிருக்காரு."

அப்போதுதான் தபீதாள் அழுதாள். இரண்டு நாளாகத் தேக்கி வைத்திருந்த அழுகை. சந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏசுதாசன் மனப்பாடம் பண்ணியதை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் ரத்தினபாய் வீட்டில்.

"இல்ல. அழுதா."

"அழுதா சொல்லக்கூடாதா?"

"நீ பார்த்திருந்தா நீயும் வாயைத் திறந்திருக்க மாட்டே."

"நான் பார்த்திருந்தா, மீன் தின்கிற புறா எந்த ஊர்ல இருக்குன்னு கேட்டிருப்பேன்."

செய்தி ரயில் ஏறியது. குரோம்பேட்டை தாண்டுவதற்குள் புறாவின் வாயில் ஓர் ஒலிவ இலை முளைத்தது. பல்லாவரத்தில் தேவானந்தம் கண்ணைத் திறந்து அதைப் பார்த்துச் சிரித்திருந்தார். மீனம்பாக்கத்துக்கு அப்பால் என்ன ஆயிற்றோ. கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தபீதாளை முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். காய்ச்சல்காரக் குழந்தைகளை அவளிடம் கொண்டுவந்து ஜெபிக்கச் சொன்னார்கள். போதகர் படத்தை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார், "படம் நல்லா விழுந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப்பின் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஏசுதாசனுக்குத்தான் ஆள் வந்தது. அடுத்த தெருப் பட்டாபிராமன், தபால் ஆபீஸ் குமாஸ்தா, எதிரே பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "ஏன் சார், எங்களவாளுக்கு எடுத்தா கருடன் வருமோ?" ஏசுதாசன் சிரிக்கப் பார்ப்பார். வராது. சைக்கிளில் கோவளம் போவதையும் நிறுத்திவிட்டார். பறவை இல்லாத படத்தைக் கொடுக்கும்போது வீட்டுக்காரர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "நம்ம கையிலயா இருக்கு" என்பார். அதைச் சொல்லும்போது தன் கையைப் பார்க்கமாட்டார்.

மறு வருஷம் ஐப்பசியில் உபதேசியார் வேதசிரோமணி இறந்தார். கோவிலம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்துச் சேரிகளுக்கெல்லாம் முப்பது வருஷம் சைக்கிளில் வேதப்புத்தகத்தைக் கட்டிக்கொண்டு போன மனிதர். கோபத்தில்கூட ஒருவரை நீ என்று சொன்னதில்லை. சவ அடக்கத்துக்குக் கோயில் கொள்ளவில்லை. ஏசுதாசன் படமெடுத்தார். சுத்தமான படம். பறவை இல்லை.

உபதேசியாரின் மகள் மெட்டில்டா ரத்தினபாயோடு வேலை பார்க்கும் டீச்சர். சண்டை போட வருவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அண்ணா, இன்னொரு தடவை கழுவிப் பாருங்களேன்."

"கழுவினா வர்றதில்லம்மா அது."

"அம்மா சாப்பிடறதே இல்ல. அப்பா எதையோ நம்மகிட்ட மறைச்சுட்டாருன்னு சொல்றாங்க. நேத்து அவரு பழைய சட்டைப் பையெல்லாம் திருப்பிப் போட்டுத் தேடினாங்க. 'அந்தக் குடிகாரனுக்கு வந்துது, இவருக்கு வரலையே, என்ன பாவம் பண்ணாரு'ன்னு என்னையே கேக்கறாங்க." அவள் குரல் இறங்கியது. "எனக்கே இப்ப சந்தேகம் வருது அண்ணா. அதான் தாங்கலை."

அன்று சாயந்திரம் ரத்தினபாய் சொன்னதுதான் ஆச்சரியம். "ஒரு பறவையை ஒட்டிக் குடுத்துடுங்க. அந்தம்மா செத்துடுவாங்க போல இருக்கு."

"நீயா சொல்றே?"

"நான்தான் சொல்றேன். தபீதாளும் பொழைச்சுப் போவா, இவங்களும் பொழைச்சுப் போவாங்க."

"அப்புறம்? வண்டலூர்லேர்ந்து பல்லாவரம் வரைக்கும் சாகறவங்களுக்கெல்லாம் நான் உக்காந்து மோட்சம் பிரிச்சுக் குடுக்கணுமா?"

மறுநாள் மெட்டில்டாவைக் கூப்பிட்டு, படகு, அலை, சாவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் "அப்ப அப்பா..." என்று ஆரம்பித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வருஷத்துப் பொய் ஏசுதாசனின் மார்பிலிருந்து இறங்கிய மாதிரி இருந்தது.

"தபீதாகிட்ட நான் சொல்ற வரைக்கும் யாருக்கும் தெரியவேணாம்மா."

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிக்கறேன்."

"அம்மாகிட்ட மட்டும்."

அன்றே தபீதாள் வீட்டுக்குப் போனார். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓட்டு வீடு. கதவு திறந்திருந்தது. சுவரில் படம், காகிதப் பூமாலை. எதிரே நாலைந்து பெண்கள் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தபீதாள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் யாரும் சிரித்து அவர் பார்த்ததில்லை. வாசலில் ஒரு காலை வைத்தவர் திரும்பிவிட்டார். நாளைக்குச் சொல்லலாம். நாளைக்குச் சேலையூரில் ஒரு கல்யாணம். அடுத்த நாள் சேலையூர்க் கல்யாணத்தைக் கழுவ வேண்டும்.

உபதேசியாரின் மனைவியோ, புருஷன் பேரில் வந்த பழி தீர்ந்த சந்தோஷத்தில், துக்கம் விசாரிக்க வந்த முதல் ஆளிடமே சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுக்கு நடுவே ஒரு கிசுகிசுப்பு பெஞ்சு பெஞ்சாகத் தாவியது. முன்வரிசையில் தபீதாளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியானது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆராதனை முடிந்து படியில் இறங்கும்போது மூப்பர் மனைவி பேபி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"என்ன தபீதா, உங்க வீட்டுக்காரர்மேல வந்து உக்காந்தது கோவளத்து மீன்கொத்திப் பட்சியாமே! ஸ்டுடியோக்காரரே சொன்னாராம்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தபீதாள் கூட்டத்தில் ஏசுதாசனைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். அவரையே பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்தியதே அவளுக்குப் பதிலாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

பின்னாலேயே போனார். அவர் போய்ச் சேரும்போது சுவரில் படம் இல்லை. அவள் மடியில் இருந்தது.

"தபீதா, வேணும்னு செய்யலம்மா. சாவியைத் திருக..."

"எல்லாம் பேபிம்மா சொல்லிட்டாங்க அண்ணா." அவள் நிமிரவில்லை. "புதன்கிழமை வாசல் வரைக்கும் வந்தீங்க. பார்த்தேன். இவங்க எல்லாரும் இருக்கறாங்கன்னு கூச்சப்பட்டுப் போறீங்கன்னு நெனைச்சேன். அதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"ஆமாம்மா."

"ஏன் திரும்பிப் போனீங்க?"

"நீ சிரிச்சுக்கிட்டு இருந்தே."

"அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் இருந்துதே அண்ணா. என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே. நான் ஒருத்தி அழுதுட்டு விட்டிருப்பேன். இப்ப அந்தப் படியில அவரை மறுபடி சாகடிச்சுட்டாங்க."

ஏசுதாசன் சுவரிலிருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பட்சியை எடுக்க முடியுமா?"

"எடுக்கறதுன்னா..."

"எனக்கு அவரு முகம் வேணும். வேற படம் இல்ல. ஒரு வருஷமா இந்தச் சிறகைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன், முகத்தைப் பார்க்கவே இல்ல. இப்ப கண்ணை மூடினா பாதி முகம்தான் வருது."

சிறகுக்கு அடியில் முகம் இல்லை என்பதை அவளுக்கு விளக்கிச் சொன்னார். அந்த இடம் வெறும் வெள்ளை. மை வைத்து வரைந்தால்தான் உண்டு. வரையவேண்டுமானால் மறுபாதி எப்படி இருந்தது என்று யாராவது சொல்லவேண்டும்.

"நான் சொல்றேன்," என்றாள்.

அடுத்தடுத்து நாலைந்து மத்தியானங்கள், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை முடிந்த கையோடு வந்து, ஸ்டுடியோவில் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். படத்தைப் பெரிதாகப் போட்டு, மயிரளவு பிரஷ்ஷால் மையைத் தண்ணீராக்கி ஏசுதாசன் தொட்டுத் தொட்டு வைத்தார். முதலில் மார்பின் மேலிருந்த உடம்பு போயிற்று. பிறகு வலது சிறகு, ஒவ்வொரு இறகாக. எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் காத்திருந்து வாங்கியதைத் தன் கையாலேயே இருட்டாக்கினார். முகத்துக்கு வந்ததும் கை நின்றது.

"புருவம் இவ்ளோ அடர்த்தி இல்ல," என்றாள் தபீதாள். "நடுவுல ஒரு வெட்டு. ஷெட்டுல இரும்பு பட்டது."

வெட்டு வைத்தார்.

"கன்னம் உள்ள போயிருக்கணும். கடைவாய்ப் பல்லு ரெண்டு இல்ல. புடுங்கின அன்னிக்குக் குழந்தை மாதிரி அழுதாரு. 'யாருக்கும் சொல்லாதடி'ன்னாரு." முதல் தடவையாக அவள் குரலில் ஏதோ லேசானது. "குடிச்சா ஊரையெல்லாம் திட்டுவாரு. வீட்டுக்கு வந்து எம்மேல கை வெச்சதில்ல, அதை யாரும் எழுதி வெச்சுக்கலை. காது பெரிசு அண்ணா. இன்னும் பெரிசு."

கடைசியில், காதுக்குப் பின்னால் தலையணையோரம், சிறகின் நுனியில் ஒற்றை இறகு மிச்சமிருந்தது. முகத்துக்கு அது தடையில்லை. லேஸ் மடிப்பு மாதிரிதான் தெரிந்தது. அதிலும் வெயில் அப்படியே இருந்தது. ஏசுதாசன் பிரஷ்ஷைக் கழுவி வைத்தார்.

"இது இருந்தா பரவாயில்லைம்மா. யாருக்கும் தெரியாது."

தபீதாள் குனிந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியுமே. அதையும் எடுத்துடுங்க. பிலிமையும் என்கிட்டயே குடுத்துடுங்க அண்ணா."

எடுத்தார். கொடுத்தார். காய்ந்த படத்தை அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பாதி முகம் கேமரா எடுத்தது, பாதி அவள் சொன்னது.

"சரியா வந்திருக்கா?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

"தெரியலண்ணா. பார்க்கப் பார்க்க இதுதான் அவருன்னு ஆயிடும்போல. அவரு எங்க போனாருன்னுதான் இன்னும் தெரியல."

படத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, மார்க்கெட் கூட்டத்துக்குள் இறங்கி நடந்தாள்.